மணலுக்குள் ஒரு ஆப்பிரிக்க ஆமை

ஹம்பேர்க்குக்குப் பக்கத்தில் ஒரு சிறிய விலங்குக் காட்சிசாலை. கண்ணாடித் தொட்டியின் முன் நிற்கிறேன். ஆப்பிரிக்க ஆற்றிலிருந்து வந்த, தோல் போன்ற ஓடுள்ள ஆமை மூன்று கிழமையாக எதையும் தின்னாமல் பட்டினியாம். கண்ணாடியை வெளிப்பக்கம் துடைக்கும், இலங்கை மன்னாரிலிருந்து வந்த அக்கா, நேற்றுப் பராமரிப்பாளரிடம் மன்றாடி, வெறுந்தொட்டிக்குள் மணல் கொட்ட வைத்திருக்கிறார். இப்போது ஆமையையே காணவில்லை.

“எங்கே அக்கா?”

“பொறுங்கோ தம்பி. எங்கட குளத்துப் பாலாமையும் புதைஞ்சு கிடந்துதான் இரை பிடிக்கும்.”

பராமரிப்பாளர் இடுக்கியில் ஒரு மீனை இறக்குகிறார். மணல் கலங்குகிறது. நீண்ட கழுத்தொன்று பாய்ந்து மீனைப் பறிக்கிறது.

“பாத்தியளே!” என்று அக்கா கத்துகிறார். பராமரிப்பாளர் சிரித்தபடி இடுக்கியை அவரிடம் நீட்டுகிறார்.

அடுத்த மீனை அக்கா இறக்குகிறார். ஆமைக்கென்று மிச்சம் வைத்திருந்த கடைசிப் பிலிமில் அக்காவைப் படமெடுக்கிறேன்.