யாரும் தொடாத செவலைக் காளை

செவ்வாய்க்கிழமை விடியுமுன்னே மதுரையை விட்டுப் புறப்பட்டேன். போடிநாயக்கனூருக்கு வில்வண்டி வாடகை ஐந்து ரூபாய். மாட்டுக்குத் தீவனம் வண்டிக்காரன் பொறுப்பு, வண்டிக்காரனுக்குச் சாப்பாடு என் பொறுப்பு. ஐந்து ரூபாய் பகல் கொள்ளை என்று சண்டை போட்டுப் பார்த்தேன். வண்டிக்கார மாயாண்டி அசைந்து கொடுக்கவில்லை. நாலு ரூபாய்க்குப் போகிறவர்கள் நாலு பேர் இருந்தார்கள், காய்ச்சலில் நாலு பேரும் போய்விட்டார்கள் என்றான். ஐந்து ரூபாய்க்கே ஒப்புக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

நான் மதுரையில் ஒரு ஏலக்காய் மண்டியில் குமாஸ்தா. இந்த வருஷத்துக் காய் எப்படி என்று பார்த்து வருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். உண்மையில் நான் போனது மஞ்சுவிரட்டுக்கு. ஜெர்மன் சண்டை முடிகிற சமயத்தில் வந்த விஷக்காய்ச்சல் ஊர் ஊராக வாரிக்கொண்டு போனதை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதிலிருந்து போடிப் பக்கத்தில் எந்த ஊரிலும் மாடு அவிழ்க்கவில்லை. நாலு பேர் கூடினாலே பயம், இதில் நாலாயிரம் பேரை யார் கூட்டுவது? இந்தத் தையில்தான் மறுபடி வாடிவாசல் திறக்கிறார்கள் என்று செய்தி வந்தது. மாட்டுக் கொம்பைக் கண்டால் சோறு மறக்கிற ஆள் நான். விடுவேனா?

உசிலம்பட்டி இருபத்துநாலு மைல். இரவு சத்திரத்தில் தங்கல். இட்டிலி கல்லாக இருந்தது, சட்டினி தண்ணீராக இருந்தது. மறுநாள் ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்கித் தேனியில் படுக்கை. வழியெல்லாம் நான் கைக்குட்டையில் நீலகிரித் தைலம் நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டே போனேன். காய்ச்சல் காலத்தில் பிடித்த வழக்கம், காய்ச்சல் போயும் விடவில்லை. அந்த வாடைக்கு மாடு தும்முகிறது என்று மாயாண்டி குறைப்பட்டான். உன் சுருட்டு நாற்றத்துக்குத்தான் தும்முகிறது என்று சொல்லி வைத்தேன்.

வியாழன் உச்சிப்பொழுதுக்குப் போடி வந்து சேர்ந்தோம். தேனியிலிருந்து ஒன்பது மைல்தான், ஆனால் மேற்கே மலை வளர்ந்துகொண்டே வரும், ஊர் மட்டும் வராது. கடைத்தெருவில் கால் வைத்ததுமே ஏலக்காய் மணம். ராவுத்தரண்ணன் வீட்டில் இறங்கினேன். அவர் எங்கள் மண்டிக்குக் காய் அனுப்புகிற வியாபாரி, என்னை விடப் பத்து வயது மூத்தவர், நெஞ்சில் பட்டதை நாக்கில் வைத்திருப்பவர்.

சாயங்காலம் அவர் கடை வாசலில் நின்றிருந்தபோது போடிமெட்டு மலைப்பாதையில் பொதிமாடுகள் வரிசையாக இறங்கி வந்தன. கடைசியில் பொதியில்லாமல் ஒரு செவலைக் காளை. திமில் ஒரு பக்கம் சாய்ந்து, கொம்பு இரண்டும் முன்னால் வளைந்து, பார்த்த கண்ணை எடுக்க முடியவில்லை. மூக்கணாங்கயிற்றைப் பிடித்து வந்தவள் ஒரு பெண்பிள்ளை. முப்பது வயதிருக்கும், கழுத்தில் தாலி இல்லை.

ராவுத்தர் அவள் கதையைச் சொன்னார். பேர் பேச்சியம்மா, ஊர் சிலமலை. புருஷனும் அவளும் மேலே ஏலத்தோட்டத்தில் கூலி. கன்றாக இருந்ததிலிருந்து செவலையை வாடிக்கென்றே வளர்த்தவன் அவன். காய்ச்சலில் தோட்டத்திலேயே போய்விட்டான், அங்கேயே அடக்கம். கொழுந்தன், அண்ணன் சொத்து எனக்கு என்று வந்து நின்றான். அவனுக்கு மாட்டைக் காயடித்துப் பொதிக்குப் பழக்க வேண்டும், மெட்டுக்கு மூட்டை ஏற்ற மாடு போதவில்லை. அவள் விடவில்லை. மாட்டோடு மலைக்கே போய்விட்டாள். கடைசியில் பக்கத்து ஊர்ப் பெரியதனக்காரர் நடுவராக நின்று தீர்த்து வைத்தாராம்: இந்தத் தையில் மாடு அவிழ்க்கட்டும், வாடியில் நின்று விளையாடிப் பேர் வாங்கினால் காளையாகவே அவளோடு இருக்கும், இல்லாவிட்டால் கொழுந்தன் கையில். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இந்த மாட்டைப் பார்க்காமல் போவதில்லை என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை போடிக்கும் சிலமலைக்கும் நடுவில் இருக்கிற அந்தப் பெரியதனக்காரர் ஊருக்குப் போனோம். ஊர்ப் பேரை எழுதவில்லை. அவர்களைக் காட்டிக்கொடுக்க எனக்கு யோக்கியதை இல்லை. வாடிக்கம்பங்களைக் கரையான் தின்றிருந்ததால் புதுக் கம்பம் நட்டிருந்தார்கள். சனம் சுற்றுவட்டாரமெல்லாம் வந்திருந்தது, ஆனால் ஒருவரை ஒருவர் ஒட்டாமல் தள்ளித் தள்ளி நின்றது. பெரியதனக்காரர் பெரிய மனிதர், நரைத்த மீசை. மதுரையிலிருந்து கோட்டுப் போட்டு, மூக்குக்கண்ணாடி மாட்டி வந்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நாற்காலி போட்டார். நானும் கூசாமல் உட்கார்ந்தேன்.

அந்த ஊருக்கு ஒரு முறை உண்டு. அவிழ்க்கிற ஒவ்வொரு மாட்டையும் முதலில் பெரியதனக்காரர் முன்னால் கொண்டு வர வேண்டும். அவர் மாட்டின் நெற்றியைத் தொட்டு, ஊர்த் துண்டைத் தன் கையால் கொம்பில் கட்டுவார். அந்தத் துண்டைத்தான் மாடு பிடிக்கிறவன் அவிழ்க்க வேண்டும். அவர் கை படாத மாட்டை யாரும் தொட மாட்டார்கள்.

முதல் மாடு கோயில் மாடு. அது பாய்ந்து வெளியே வந்தபோது கூட்டத்தில் சத்தமே இல்லை. கத்துவதே மறந்துவிட்டாற்போல நின்றார்கள். பிறகு எங்கிருந்தோ ஒரே ஒரு விசில். அவ்வளவுதான், மலை அதிர்ந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் கத்திக்கொண்டே அழுதார். நாலாவது மாட்டுக்குள் தள்ளி நின்றவர்களெல்லாம் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நான் நாற்காலி மேல் ஏறி நின்று தொண்டை கட்டக் கத்தினேன். இப்படிச் சந்தோஷப்பட்டு எத்தனை காலம் ஆயிற்று!

அடுத்து செவலை. பேச்சியம்மா அதைக் குளிப்பாட்டி, கொம்பு சீவி, சலங்கை கட்டிக் கொண்டுவந்திருந்தாள். தோட்டத்து மாடு, தோட்டத்துப் பொம்பளை என்று கூட்டத்தில் முணுமுணுப்பு. காய்ச்சல் மலையிலிருந்துதான் இறங்கியது என்று அங்கே ஒரு நம்பிக்கை. அவள் நேராக என் நாற்காலிக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றாள். மெலிந்த முகம். புழுதியில் நடந்து வந்ததால் ஒரு தடவை இருமினாள்.

என் கை தானாகப் பைக்குள் போயிற்று. கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டேன். நாற்காலியையும் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

துண்டோடு நீண்ட பெரியதனக்காரர் கை பாதியில் நின்றது. குனிந்து என் காதில் கேட்டார்.

"அது இன்னும் இருக்குங்களா ஐயா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது, நான் வைத்தியன் இல்லை, ஏலக்காய் மண்டிக் குமாஸ்தா என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது, "யார் கண்டது?"

அவர் துண்டைத் தரையில் போட்டார். நீயே கட்டிக்கொள் ஆத்தா என்றார். அவள் அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். குனிந்து எடுத்துக் கட்டினாள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

செவலை வாடியை விட்டுப் பாய்ந்து வந்த வேகத்துக்கு மண் தெறித்தது. மாடுபிடிக்காரர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். பயந்து ஒதுங்கவில்லை, மாட்டுக்குப் பயந்தவன் ஓடுவான், இவர்கள் நின்றுகொண்டே விலகினார்கள். செவலை ஒரு சுற்றுச் சுற்றியது. தலையைத் தாழ்த்தி மண்ணைக் குத்தியது, ஆளைத் தேடியது. ஆள் இல்லை. கொஞ்ச நேரத்தில் வேகம் தணிந்து, ஓரத்தில் சிந்திக் கிடந்த வைக்கோலில் வாய் வைத்தது. யாரோ ஒருவன் சிரித்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள்.

பேச்சியம்மா அடைப்பைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். மாடுபிடிக்காரர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பிடிக்கக்கூட வேணாம்ப்பா. கிட்ட வந்து நில்லுங்க, அது போதும்."

ஒருவன்கூட நகரவில்லை. அவள் மாட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். எனக்கு நாற்காலி முள்ளாகக் குத்தியது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அடுத்த மாடு வந்தது, கூட்டம் கத்தியது. சொல்லவே நாக்கூசுகிறது, மூன்று மாடு போனதும் நானும் கத்தினேன்.

 திரும்பும் வழியில், பாதி தூரத்தில் ராவுத்தர் சொன்னார்.

"ஒரு சொல்லு. ஒத்தச் சொல்லு சொல்லியிருந்தா போதும் தம்பி. அதுக்கு என்ன காசா பணமா?"

வண்டியைத் திருப்பச் சொன்னேன். பெரியதனக்காரர் வீட்டுக்கே போய், கைக்குட்டை வெறும் பழக்கதோஷம், அவளிடம் காய்ச்சல் இருப்பதாக எனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க மூக்கப் பொத்துனீக, நான் கையச் சுருட்டிக்கிட்டேன். எம் மக காய்ச்சல்ல கெடந்தப்ப தொட்டுத் தூக்குனவன் நானு. அதுலருந்து எதத் தொடவும் பயமா இருக்குங்கய்யா." திண்ணையில் கிடந்த ஊர்த் துண்டுகளை மடித்து வைத்தார். "ஊரு முன்னால நடந்தத ஊரு முன்னாலதான் திருப்பணும். அடுத்த தைக்கு நானே கட்டுறேன்."

அதுவரை மாட்டை ஒன்றும் செய்ய வேண்டாம் என்று கொழுந்தனுக்குச் சொல்லி அனுப்பக் கூடாதா என்று கேட்டேன். இருட்டிவிட்டது, ஆள் அனுப்ப முடியாது, காலையில் நீங்களே வெரசாப் போய் என் பேரைச் சொல்லுங்கள் என்றார்.

சனிக்கிழமை வெயில் ஏறுமுன் சிலமலைக்குப் போய்ச் சேர்ந்தேன். வீட்டைக் கேட்டுக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. வாசலில் நாலைந்து பேர் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார்கள். தொழுவில் செவலை படுத்துக் கிடந்தது. கால்களில் கயிறு அறுத்த தடம், கண்ணில் நீர் வழிந்து காய்ந்திருந்தது. விடிகாலையிலேயே காயடித்து முடித்துவிட்டார்கள். கொழுந்தன் சாதாரண மனிதன். மாசக் கடைசியில் மூட்டை ஏற்ற ஆள் வந்து நிற்கும், புண் ஆற நாளாகும், அதனால்தான் தாமதிக்கவில்லை என்று எனக்கு மரியாதையாகவே விளக்கினான். பெரியதனக்காரர் பேரைச் சொல்லி இனி ஆகப் போவது ஒன்றுமில்லை.

பேச்சியம்மா மாட்டின் தலைமாட்டில் உட்கார்ந்து ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுதான் நின்றேன். அவள் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். என்னிடம் நீட்டவில்லை. எனக்கும் அவளுக்கும் நடுவில் தரையில் வைத்தாள். முந்தானையால் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, சுவரோடு சுவராகத் தள்ளிப் போய் நின்றாள்.

"குடிங்கய்யா. நான் கிட்ட வரல. உங்களுக்குப் பயமாருக்கும்."

குத்தலாகச் சொல்லவில்லை. வெயிலில் வந்தவனுக்குச் சொல்கிற மாதிரியே சொன்னாள். நான் செம்பை எடுத்து ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். மன்னிக்க வேண்டும் என்று சொல்ல இரண்டடி முன்னால் வைத்தேன். அவள் அவசரமாக இரண்டடி பின்னால் போனாள்.

அன்றே வண்டி கட்டச் சொன்னேன். ஏலக்காயைப் பார்க்கவில்லை, மெட்டுக்கும் ஏறவில்லை.

மதுரையில் மண்டிக்குள் நுழைந்ததுமே எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். இங்கேயும் அடுத்த மாசம் மாடு அவிழ்க்கப் போகிறார்களாம், போடியில் எப்படி என்று கேட்டார்கள். பெரிய கூட்டம் என்றேன். நல்ல மாடு உண்டா என்றார்கள். ஒரு செவலை வந்தது, அதை மட்டும் ஒருவனாலும் தொட முடியவில்லை என்றேன்.

அப்பேர்ப்பட்ட மாடா என்று வாயைப் பிளந்தார்கள். ஆமாம் என்றேன்.