துடைத்திருந்த பலகை

வானிலைப் பைத்தியங்களில் பல தினுசு உண்டு. இடி இடித்தால் வாசலுக்கு ஓடுகிறவர்கள் உண்டு, காற்றடித்தால் கூரை மேல் ஏறுகிறவர்கள் உண்டு. வெர்மான்ட் மலைகளுக்குள் பெல்ச்சர் ஹாலோ என்ற எங்கள் ஊரின் இர்மா பெல்கி இதில் ரொம்ப அடக்கமான தினுசு. அவள் அளப்பாள். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்குச் சூப் காய்ச்சிவிட்டு வீட்டுக்கு வந்ததும், கோட்டைக் கழற்றாமல் கொல்லைக்குப் போய் மழையையும் பனியையும் அளந்து வானிலை நிலையத்துக்குச் சொல்லுவாள். முப்பத்தோரு வருஷமாக இதைச் செய்கிறாள். இதற்கு ஒருவரும் சம்பளம் தருவதில்லை. கேட்டால், "சாமி கும்பிடுறதுக்குச் சம்பளமா குடுக்கிறாங்க?" என்பாள்.

பனியை அளப்பதில் ஒரு முறை இருக்கிறது. மரமோ கூரையோ அண்டாத இடத்தில், வெள்ளையடித்த இரண்டடிப் பலகை ஒன்று தரையில் கிடக்கும். பனி கொட்டும் நாளில் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. அன்றைக்குக் காலை ஏழு, பகல் ஒன்று, மாலை ஏழு, இரவு ஒன்று என்று நான்கு தடவை போய், பலகை மேல் விழுந்திருப்பதை அளந்து, பலகையைச் சுத்தமாகத் துடைத்து, புதுப் பனியின் மேல் திரும்ப வைத்துவிட்டு வர வேண்டும். அடிக்கடி துடைத்தால் அளவு வீங்கிவிடும். தாமதித்தால் பனி தன் எடையிலேயே அமுங்கிக் குறைந்துவிடும். ஆகவே நேரம் தவறக் கூடாது. அளக்க முடியாமல் போனால், "விடுபட்டது" என்று எழுத வேண்டும். ஊகித்து ஓர் எண்ணைப் போட்டுவிட்டு அளந்தேன் என்று சொல்வதை இப்படி அளக்கிற கூட்டத்தார் திருட்டுக்குச் சமமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

இர்மாவுக்கு முன்னால் அந்தப் பலகை லீலண்ட் மார்ஷிடம் இருந்தது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கை நடுக்கம் வந்ததும் பலகையை இர்மாவின் கொல்லைக்கு மாற்றினார்கள். மனுஷர் பலகையைக் கொடுத்தாரே தவிரப் பொறுப்பைக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பனிக்கும் கால் மைல் நடந்து வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "ஒரு மணின்னா ஒரு மணி, இர்மா. ஒன்னு அஞ்சு இல்ல," என்பார். இர்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் ஊரில் ஏப்ரல் மாதம் என்பது சேறு. மேப்பிள் மரத்துச் சாற்றைப் பாகாகக் காய்ச்சி முடிந்து, சாலையெல்லாம் வண்டிச் சக்கரத்தை விழுங்கும் காலம். அப்படி ஒரு ஏப்ரலில்தான், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், அந்தப் பனிப்புயல் வந்தது. அன்றிலிருந்து வருஷா வருஷம் அதே தேதியில் எங்கள் பனிப் பைத்தியங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உழவர் சங்கக் கூடத்தில் பகலில் கூடுவார்கள். தட்டில் பனியை அள்ளி வைத்து, அதன்மேல் கொதிக்கும் பாகை ஊற்றி, இழுத்து இழுத்துத் தின்பார்கள். திகட்டினால் கடிக்கப் புளிப்பு வெள்ளரிக்காய், தொட்டுக்கொள்ள டோனட். தின்றபடியே அந்த நாளை முதலிலிருந்து கடைசி வரை சொல்லுவார்கள். ஒருவர் பங்கை இன்னொருவர் சொல்லக் கூடாது. வரிசையும் மாறக் கூடாது.

முதல் பங்கு ட்வைட் கோல்பர்னுடையது. ஊருக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன். நாக்குக்குச் சுளுக்கே விழாத ஆள்.

"காலைல ராபின் குருவி கத்திக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு நிறுத்திடுச்சு. எல்லாம் ஒரே நேரத்துல. யாரோ சுவிட்சை அணைச்ச மாதிரி," என்று ஆரம்பிப்பான். "பகல் பன்னெண்டே முக்காலுக்கு வானம் பச்சையாச்சு. பனி கொட்டுது, நடுவுல இடி இடிக்குது. அதுக்கு முந்தின வாரந்தான் என் மாமியாரைப் புதைச்சிருந்தோம். கிழவி எந்திரிச்சு வந்துட்டாளோன்னு நெனச்சேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக அதே இடத்தில் சிரிக்கிறார்கள். பிறகு ஒருவர், ஈரப் பனியின் பாரம் தாங்காமல் மரங்கள் துப்பாக்கி வெடிப்பதுபோல் ஒவ்வொன்றாக முறிந்ததைச் சொல்லுவார். அப்புறம் இர்மா எழுந்து, "பகல் ஒரு மணி அளவு, பதினாலு இன்ச்," என்று சொல்ல வேண்டும். ஆறு மணி நேரத்தில் பதினான்கு அங்குலம். மாவட்டத்தில் இன்றுவரை அதை மிஞ்சியது இல்லை. கை தட்டுவார்கள். கடைசியாக லீலண்டுக்காக ஒரு நிமிஷம் மௌனம். அந்தப் புயலில் செத்தது அவர் ஒருவர்தான்.

இந்த வருஷம் கூடத்தில் ஒரு புது முகம் இருந்தது. லீலண்டின் மகள் ரோடா. அறுபதை நெருங்குகிறாள். அப்பா செத்த பிறகு இந்தக் கூட்டத்தின் பக்கமே வராதவள், கடைசி வரிசையில் கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். பாகுத் தட்டைத் தொடவில்லை. அவளைப் பார்த்ததும் இர்மாவின் வாயில் வெள்ளரிக்காய் அப்படியே நின்றது.

ஏன் நின்றது என்று சொல்ல, அந்தப் பகலுக்குப் போக வேண்டும்.

முதல் இடி இடித்ததும் இர்மா வீட்டுத் தொலைபேசி அடித்தது. ட்வைட்தான். வண்டிக் கொட்டகையிலிருந்து பேசினான்.

"கேட்டியா?"

"கேட்டேன். அடுத்த மின்னலுக்கு எண்ணு. நானும் எண்றேன்."

மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எத்தனை நொடி என்று இரண்டு முனையிலும் எண்ணி, மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பிடிக்கப் பார்த்தார்கள். பனிக்குள் இடி கேட்பது இவர்களுக்கு ஆயுளில் ஒரு தடவை வாய்த்தால் பெரிது. பன்னிரண்டு மின்னல், பதிமூன்று மின்னல் என்று போய்க்கொண்டே இருந்தது. இர்மா கடிகாரத்தைப் பார்த்தபோது மணி ஒன்று முப்பத்தைந்து.

பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினாள். கொல்லையில் சத்தமே இல்லை. தன் மூச்சு தவிர வேறெதுவும் கேட்கவில்லை. பலகையில் பதினைந்து அங்குலம் வரை குவிந்திருக்க வேண்டும். ஒரு விரல் கனம்தான் இருந்தது. யாரோ துடைத்து, சுத்தமாக, புதுப் பனி மேல் மட்டமாக வைத்திருந்தார்கள். ஓரத்தில் சரிந்த பனியைக் கூடக் கையால் தட்டிச் சதுரமாக்கியிருந்தார்கள். அந்தக் கொட்டும் பனியில், பச்சை வெளிச்சத்தில், அந்த வெள்ளைச் சதுரத்தைப் பார்த்ததும் அவளுக்கு மயிர்க்கால் சிலிர்த்தது.

அப்புறம்தான் தடத்தைப் பார்த்தாள். சாலைப் பக்கமிருந்து வந்த முழங்காலளவுப் பள்ளம் ஒன்று, பலகையில் நின்று, திரும்பிப் போகாமல் நேராகப் பாகு காய்ச்சும் கொட்டகைப் பக்கம் போயிருந்தது. மேப்பிள் தோப்பு வழியாக லீலண்ட் வீட்டுக்குக் குறுக்கு வழி அது. கிழவர் ஒரு மணிக்கு வந்திருக்கிறார், தன்னைக் காணோம் என்று தானே அளந்து துடைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாளைக்கு ஊர் முழுக்கச் சொல்லி மானத்தை வாங்குவார். இர்மாவுக்கு வந்தது பயம் அல்ல, கோபம்.

வீட்டுக்குள் வந்து, வெளியே கிடந்த பனியின் உயரத்தைக் கண்ணால் கணக்குப் போட்டு, புத்தகத்தில் பதினான்கு என்று எழுதினாள். நிலையத்துக்கும் சொன்னாள். அந்தப் பக்கம் பேசினவர் விசிலடித்தார். "சரியாத்தான் அளந்தீங்களா?" என்று கேட்டார். "நானே அளந்தேன்," என்றாள்.

மாலை ஐந்து மணிக்கு ட்வைட் மறுபடி கூப்பிட்டான். இந்தத் தடவை குரலில் விளையாட்டு இல்லை.

"லீலண்ட் மத்தியானம் வீட்டை விட்டு வெளில போனவரு, இன்னும் வரல. ஆத்துப் பாலத்துப் பக்கம் நடந்ததை ரோடா பாத்திருக்கா. உன் வீட்டுக்கு வந்தாரா?"

வந்தார் என்றால் பதினான்கு தன்னுடையது இல்லை என்றாகிவிடும். யோசிக்கவே இல்லை, வாய் முந்திக்கொண்டது. "யாரும் வரலையே," என்றாள் இர்மா. போனை வைத்ததும் ஜன்னலுக்கு ஓடினாள். தடம் இருந்த இடம் முழுக்க மட்டமாக மூடியிருந்தது.

எங்காவது ஒதுங்கியிருப்பார், ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடுவார் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள். ஊர்க்காரர்கள் ஆற்றுப் பக்கம் தேடினார்கள். விடிந்த பிறகும் ஆற்றுப் பக்கமே தேடினார்கள். இரண்டாம் நாள், இர்மாவின் பாகுக் கொட்டகைக்குப் பின்னால், முறிந்து விழுந்த மேப்பிள் கிளைக்கு அடியில் கிடைத்தார். கால் மாட்டியிருந்தது. அன்று மாலை வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். ஆற்றோரமாகத் திசை தப்பி மேலே ஏறி வந்திருக்கிறார் என்று ஊர் முடிவு கட்டியது. இர்மா அதை மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பனிக்கும் அவள் தாமதித்ததில்லை. பன்னிரண்டே முக்காலுக்கே பலகை அருகில் போய் நிற்பாள். ஆனாலும் இரண்டு தடவை நடந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்ச்சில் ஒன்று, போன ஏப்ரலில் ஒன்று. அவள் போனபோதே பலகை துடைத்திருந்தது. மட்டமாக, ஓரமெல்லாம் தட்டி. சுற்றிலும் எட்டங்குலப் பனி, ஒரு குருவிக்கால் தடம் கூட இல்லை. இரண்டு தடவையும் "விடுபட்டது" என்று எழுதினாள். காற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முப்பத்தோரு வருஷம் பனியை அளந்தவளுக்கு, காற்று எதைச் செய்யும் எதைச் செய்யாது என்பது தெரியாதா என்ன.

கூடத்தில் ட்வைட் மாமியார் கதையை முடித்தான். சிரிப்பு அடங்கியதும் ரோடா எழுந்தாள். வரிசை குலைந்ததில் எல்லோருக்கும் ஒரு மாதிரியாக இருந்தது.

"நான் அடுத்த மாசம் ஊரைக் காலி பண்ணிட்டுப் போறேன். அதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லிடணும்," என்றாள். "அப்பா வழி தப்பிச் சாகல. அன்னிக்கு மத்தியானம் எனக்கும் அவருக்கும் சண்டை. எப்பப் பாத்தாலும் கடிகாரமும் கையுமா ஜன்னல்ல நிக்காதீங்க, உங்க பனியைக் கட்டிக்கிட்டே சாகுங்கன்னு சொன்னேன். அவரு கோட்டை மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு. சாகத்தான் போனாரு. நான் அனுப்பினேன். நீங்க வருஷா வருஷம் மௌனமா நிக்கிறீங்களாமே. எதுக்காக நிக்கிறீங்கன்னு தெரிஞ்சுட்டு நில்லுங்க."

பாகு தட்டுகளில் கெட்டிப்பட்டது. ட்வைட் தொண்டையைச் செருமிக்கொண்டு, எதையாவது சொல்லி ஒப்பேற்ற வேண்டுமே என்று, "இர்மா, நீ உன் அளவைச் சொல்லும்மா," என்றான்.

இர்மா எழுந்தாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு மணி அளவு விடுபட்டது," என்றாள்.

"பதினாலு," என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள்.

"நான் அளக்கல. நானும் ட்வைட்டும் இடியை எண்ணிக்கிட்டு இருந்தோம். நான் போறப்ப மணி ஒன்னு முப்பத்தஞ்சு. பலகை ஏற்கெனவே துடைச்சிருந்துச்சு. ரோடா, உங்க அப்பா சாகப் போகல. அளக்க வந்தாரு. நான் வரலன்னதும் அவரே அளந்தாரு. அவரு போன தடத்தை நான் பாத்தேன், கொட்டகைப் பக்கமா. அஞ்சு மணிக்கு ட்வைட் கேட்டப்ப யாரும் வரலன்னுட்டேன்."

ட்வைட்டின் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மேலே பேசியிருக்க முடியாது. அவன் அந்தப் புயலில் இரண்டு நாள் தூங்காமல் ஆற்றங்கரையைக் கிளறியவன்.

ரோடா அழவில்லை, கத்தவும் இல்லை. கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள்.

"இடத்தைக் காட்டுங்க," என்றாள்.

இருவரும் சேற்றில் நடந்து போனார்கள். ஒருவரும் பின்னால் வரவில்லை. இர்மாவின் கொல்லையில் பனி திட்டுத் திட்டாகக் கிடந்தது. பலகையிலிருந்து கொட்டகையின் பின்புறம் வரை ரோடா எட்டு வைத்து எண்ணிக்கொண்டே போனாள், கணக்கு வாத்தியார் மகள் அல்லவா. நூற்று நாற்பது. அங்கே நின்று திரும்பினாள். மரங்களுக்கு நடுவில் இர்மாவின் சமையலறை ஜன்னல் தெரிந்தது.

"அங்கேருந்து பாத்தா இந்த இடம் தெரியுமா, மிஸஸ் பெல்கி?"

"பனி கொட்டறப்பத் தெரியாது."

"நடுவுல விடவே இல்லையா?"

இதை இதுவரை யாரும் இர்மாவிடம் கேட்டதில்லை. "மூணு மணிக்குக் கொஞ்ச நேரம் விட்டுச்சு," என்றாள்.

"அப்ப ஜன்னல்ல நின்னீங்களா?"

"நின்னேன். பலகையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். மேல எவ்வளவு ஏறியிருக்குன்னு."

ரோடா தலையை ஆட்டினாள். காற்று சுத்தமாக நின்றிருந்தது. தோப்புக்குள் கத்திக்கொண்டிருந்த ராபின் குருவிகள் எப்போது நிறுத்தின என்று இர்மாவுக்குத் தெரியவில்லை.

"அடக்கத்தன்னிக்கு நீங்க என் கையைப் புடிச்சுக்கிட்டு நின்னீங்க," என்றாள் ரோடா. "அப்பவே இதைச் சொல்லியிருந்தா உங்களை நான் வெறுத்திருப்பேன். அவ்வளவுதான் நடந்திருக்கும். அதுக்குப் பதிலா இருபத்திரண்டு வருஷம் என்னை வெறுத்துக்கிட்டேன். உங்களை மன்னிக்கப் போறதில்ல. அதை எதிர்பாக்காதீங்க."

"எதிர்பாக்கல."

"ஆனா இன்னிக்கு நான் தூங்குவேன். அன்னிக்கு அப்புறம் முதல் தடவையா." ரோடா அவளை நேராகப் பார்த்தாள். "நீங்க?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் சாலைப் பக்கம் இறங்கிப் போனாள். இர்மா அந்த இடத்திலேயே நின்றாள். பூட்ஸ் மெல்ல மெல்ல ஈரத்துக்குள் அமுங்கியது. காலை எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.