தோட்டாவை ஒப்படைக்கப் போனவர்

ராஜேந்திரன் மாமா இறந்த செய்தி இன்று காலையில் வந்தது. அப்பா போனை வைத்துவிட்டு, "யாரும் வாயத் தெறக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். காரைக்குடியில் அவருடைய பழம்பொருள் கடையை அறிந்தவர்களே, இது உங்களுக்கு.

போன வாரம் எங்கள் பரணில், பட்டாளத்தில் இருந்த பூட்டனின் தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே பழைய ராணுவத் தோட்டாக்கள். பித்தளையை உருக்கப் போடலாம் என்று அப்பா மாமாவை அழைத்தார். மாமா அவற்றைத் தரையில் வரிசையாக வைத்தார். முதலில் வெறும் காகிதக் கூடு.

"பட்டாளத்துக்காரன் இதப் பல்லால கடிச்சு மருந்தக் குழல்ல கொட்டணும். மழ பேஞ்சா முடிஞ்சுச்சு சோலி."

அடுத்தது மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது. "இது நனையாது. ஆனா துப்பாக்கி சூடேறுனா தகடு கிழிஞ்சு உள்ளயே மாட்டிக்கிரும். எதிரி ஓடி வாரப்ப இவன் கம்பிய விட்டு நோண்டிக்கிட்டு இருப்பான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஒவ்வொரு மாத்தத்துக்கும் முன்னாடி எவனோ செத்திருப்பான், பாப்பா."

கடைசியாக, ஒட்டே இல்லாத முழுப் பித்தளைத் தோட்டா. அதன் முனையில் குண்டு அப்படியே இருந்தது. "மச்சான், இது மருந்து நெறஞ்சது. உருக்கப் போட்டா வெடிச்சுப் பட்டறைக்காரன் போயிருவான். ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருங்க."

"நான் போனா நூறு கேள்வி கேப்பாக. நீயே கொண்டு போ மாப்ள."

"சரி. பொம்பளப்புள்ள படிக்கிற வீட்டுக்குப் போலீசு வர வேணாம்" என்று அதைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார்.

ஒப்படைக்கப் போனவரையே, எங்கே திருடினாய் என்று கேட்டு ஸ்டேஷனிலேயே வைத்துக்கொண்டார்கள். அவர் எங்கள் வீட்டைச் சொல்லவில்லை. மறுநாள் அத்தை, அவருடைய மனைவி, எங்கள் வாசலுக்கு வந்தார். "அவுக திருடலன்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. இங்குட்டுத்தானே வந்தாக?"

"யாரு வந்தா? எனக்குத் தெரியாதும்மா." அப்பா கதவைச் சாத்தினார். கதவுக்குப் பின்னால் நின்ற நானும் உள்ளே போய்விட்டேன்.

மூன்றாம் நாளும் விசாரித்தார்கள். அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர் பிழைக்கவில்லை. மற்ற திருட்டுப் பொருள்கள் எங்கே என்று கேட்க, நாளை அத்தையை வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

எந்த வீட்டில் எதை எடுத்தாலும் சீட்டு எழுதி, கொடுத்தவரின் கையெழுத்தையும் வாங்கி, அந்த வீட்டிலேயே கொடுத்துவிடுவது மாமாவின் வழக்கம். அன்றைய சீட்டில், "நிறைந்த தோட்டா ஒன்று, ஸ்டேஷனில் ஒப்படைக்க." கீழே அப்பாவின் கையெழுத்து. அதை அடுப்பில் போடச் சொல்லி அப்பா என்னிடம் கொடுத்தார். நான் போடவில்லை. மாமாவுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

அதைக் காட்டினால் அப்பாவைக் கூட்டிப்போவார்கள். காட்டாவிட்டால் மாமா திருடனாகவே எரிவார். விடிந்ததும் அத்தையின் கையில் கொடுத்துவிடுவேன். யார் பார்த்தது என்று கேட்டால், நான் பார்த்தேன். கவிதா, பத்தாம் வகுப்பு.