மூன்று வாரக் கோடுகளை அடித்தவர்

சபியா இறந்துவிட்ட செய்தியை அவருடைய மகள் கைப்பேசியில் எழுதி அனுப்பியிருந்தாள். போன வருடம்தான் முதியோர் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். மதகின் மேல் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். 'அம்மா மௌத்தாயிட்டாங்க. அஸருக்குப் பிறகு அடக்கம்.' யாரையும் கேட்காமல் நானே படித்த முதல் சாவுச் செய்தி அது. படிக்கத் தெரிந்த சந்தோஷம் எனக்கு இன்னும் தீரவில்லை. அன்று ஒரு நாள் மட்டும் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. மாலையில் அஸர் தொழுகை முடிந்ததும் போய் எல்லாரோடும் நின்று நானும் மூன்று கைப்பிடி மண் போட்டேன்.

கோடியக்கரைக்குப் போகும் சாலையில் ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த சபியாவை உங்களில் பலருக்குத் தெரியும். கணவர் சவுதிக்குப் போகும்போது விட்டுச்சென்ற சாமான்களை வைத்துத் தானாகவே தொழிலைப் படித்தவர். தேர்தல் சமயத்தில் இரண்டு கட்சிகளின் ஆம்ப்ளிஃபயர்களும் அவர் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். "எங்களுதை முதல்ல பாருங்க" என்று ஒரு கட்சிக்காரர் அவசரப்படுத்தியபோது, "இது ரெண்டும் சண்டை போடாமத்தான் படுத்திருக்கு, நீங்க ஏன் எழுப்புறீங்க?" என்றார். வந்தவரும் சிரித்துவிட்டார்.

நான் அவரிடம் போனது ரேடியோவுக்காக அல்ல, நிலத்துக்காக. உச்சவரம்புச் சட்டத்தில் எங்களுக்குக் கிடைத்தது மூன்று மா, ஏறக்குறைய ஓர் ஏக்கர். அதற்காக என் அப்பா ஊர்வலத்தில் அடி வாங்கியவர். இறால் பண்ணைகள் வந்த காலத்தில், எங்கள் வயலுக்குக் கிழக்கே ஒருவர் நிலம் வாங்கிக் குளம் வெட்டி உப்புத் தண்ணீரை நிரப்பினார். குளத்தை ஒட்டியிருந்த வைத்தியின் வயலில் நெற்பயிர் நுனி கருகியது. அதற்கு அடுத்த வயல் என்னுடையது. பண்ணைக்காரர் கேட்டால், "இந்த மண்ணே பொறவியில உப்பு மண்ணு. வேணும்னா எனக்கே வித்துட்டுப் போங்க" என்பார். தாசில்தாரோ வாய்ப்பேச்சு போதாது, ஆதாரம் வேண்டும் என்றார். ஆதாரம் இல்லையென்றால் விற்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

சபியா ஒரு பெட்டி செய்தார். குளக்கரை, வைத்தி வயல், என் வயல், குடிதண்ணீர்க் கிணற்றடி என்று நான்கு இடங்களில் குழாய் இறக்கினோம். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கம்பிகள். தண்ணீரில் உப்பு ஏற ஏற மின்சாரம் அதிகம் ஓடும், முள் வலப்பக்கம் போகும். நான்குக்கும் மீட்டர் ஒன்றுதான். முதலில் கையால் திருகும் சுவிட்ச் வைத்துப் பார்த்தார். கடற்காற்றில் அதன் பித்தளை பச்சை பூத்துப் பத்தே நாளில் கெட்டது. அதனால் அனலாக் சுவிட்ச் சிப் ஒன்றை வரவழைத்தார். புளியங்கொட்டை அளவுதான் இருக்கும்.

"உள்ள நாலு மடை இருக்குண்ணே. நீங்க எந்தப் பொத்தானை அழுத்துறீங்களோ அந்த மடை மட்டும் தெறக்கும். உரசுற தகடு கெடையாது, அதனால பச்சை பூக்காது. டார்ச் லைட்டுக்குப் போடுற ரெண்டு பேட்டரி போதும்."

எனக்கு அப்போது எழுதத் தெரியாது. சபியா ஒரு நோட்டில் பக்கத்துக்கு நான்கு அரை வட்டம் வரைந்து கொடுத்தார். முள் எங்கே நிற்கிறதோ அங்கே நான் கோடு போட வேண்டும். மூன்று வாரம் தினமும் காலையில் பெட்டி இருந்த மோட்டார் கொட்டகைக்குப் போய்க் கோடு போட்டேன். நாள் போகப்போக நான்கு கோடுகளும் வலப்பக்கம் சாய்ந்தன. ஊரே என் நோட்டைப் பார்க்க வந்தது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம்.

தாசில்தார் வருவதற்கு முதல்நாள் காலை சபியா வந்து நோட்டைப் புரட்டினார். வைத்தி வீட்டில் டீ கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்.

"இது எந்தத் தண்ணி?"

"நம்ம கெணத்துத் தண்ணிதான், தங்கச்சி."

"உங்க நோட்டுப்படி இது வாயில வைக்க முடியாத உப்பு. டீ நல்லாத்தானே இருக்கு?"

உடனே கொட்டகைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார். கம்பிகளுக்கு ஒரு பேட்டரி, சிப்புக்குத் தனி பேட்டரி என்று வைத்திருந்தார். சிப்பின் பேட்டரி நாளாக நாளாகத் தளர்ந்திருந்தது. கம்பிப் பக்கத்து மின்னழுத்தம் அதைவிட உயர்ந்துவிட்டதால், மூடியிருக்க வேண்டிய மடைகளும் கசிந்திருக்கின்றன. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் குளத்து உப்பும் சேர்ந்தே முள்ளைத் தள்ளியிருக்கிறது.

"அண்ணே, இந்தக் கோடெல்லாம் தப்பு. நாந்தான் தப்பாக் கட்டிட்டேன்."

"வெளியில சொல்ல வேணாம் தங்கச்சி. அவன் மட்டும் உண்மையா பேசுறான்?"

"அவரு பொய் சொன்னா அது அவரு பாடு. நம்ம பெட்டி பொய் சொல்லக் கூடாது."

மறுநாள் தாசில்தார் முன்னால் நோட்டை விரித்து, மூன்று வாரப் பக்கங்களையும் தன் பேனாவால் குறுக்கே அடித்தார். காரணத்தையும் சொன்னார். பண்ணைக்காரரின் ஆள் சிரித்தான். "கைநாட்டு ஆளு போட்ட கோடு, பொம்பள கட்டுன பெட்டி. இதைப் பார்க்கத்தான் ஜீப்பு வந்துச்சா?" சபியா அவனிடம், "கோடு சரியாத்தான் போட்டிருக்காரு. பெட்டிதான் தப்பு. அதைக் கட்டுனவளே சொல்லிட்டேன். இன்னும் ரெண்டு மாசம் கழிச்சு வாங்க" என்றார். கடைசி வாக்கியத்தைத் தாசில்தாரைப் பார்த்துச் சொன்னார்.

அன்று எங்கள் தெருவில் அவரோடு யாரும் பேசவில்லை. "உன் தங்கச்சி பண்ணைக்காரருக்கு வக்கீலா வந்திருக்கு" என்று வைத்தி என்னைக் குத்தினான். எனக்கும் கோபம்தான். சபியா கொட்டகையிலேயே உட்கார்ந்து, கம்பிக்கும் சிப்புக்கும் ஒரே பேட்டரியிலிருந்து மின்சாரம் போகும்படி மாற்றினார். இனி கம்பிப் பக்கத்து அழுத்தம் சிப்பை மிஞ்சாது என்றார். ஒவ்வொரு நாளும் ஒரு சொம்பு கிணற்றுத் தண்ணீரில் பெட்டியைச் சோதித்த பிறகே கோடு போட வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். "முதல்ல நம்ம கையில இருக்கறதைச் சந்தேகப்படுங்க. எதிராளி எங்க போயிடப் போறாரு?"

புதுக் கோடுகள் எனக்கு வயிற்றெரிச்சலைக் கொடுத்தன. குளக்கரை உப்பு, வைத்தி வயல் உப்பு. என் வயலோ நல்ல தண்ணீர். வழக்கில் எனக்கு இடமே இல்லாமல் போய்விட்டதாக நினைத்தேன். ஆனாலும் கோடு போட்டேன். ஐந்தாவது வாரம் என் வயலின் முள் ஒரு நூல் நகர்ந்தது. பிறகு ஒரு விரல். கிணற்றின் முள் அசையவே இல்லை. தன் வயலில் உப்பு ஏறுவதைப் பார்த்து நிம்மதியடைந்த விவசாயி இந்த வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தாசில்தார் மறுபடி வந்தபோது பண்ணைக்காரர் பழைய பாட்டையே பாடினார். சபியா முதல் பக்கத்தை எடுத்துக் காட்டினார். "சார், இந்தத் தேதியில இவரு வயல் நல்ல தண்ணி. பொறவி உப்பா இருந்தா அன்னைக்கே காட்டியிருக்கணும். உப்பு கெழக்கேயிருந்து நடந்து வந்திருக்கு. வந்த வழி முழுக்க இதுல இருக்கு." பழைய கோடுகளையே நீட்டியிருந்தால் எல்லா இடமும் ஒரேபோல் உப்பு என்று ஆகியிருக்கும். பண்ணைக்காரர் சொன்னதும் அதைத்தானே? தாசில்தார் வெகுநேரம் பக்கங்களைப் புரட்டினார். அன்றைக்கு அடித்த பக்கங்களையும் பார்த்தார். "தப்பை நீங்களே அடிச்சீங்க பாருங்க, அதனாலதான் இதை நம்புறேன்" என்றார். குளத்தை வற்றவைக்க உத்தரவு வந்தது. இரண்டு மழைக்காலம் அலசிய பிறகு என் மண் மறுபடி நெல்லுக்கு வந்தது. அந்த மூன்று மாவும் இன்றும் என் பெயரில் இருக்கிறது.

இப்போது பண்ணைக்காரரின் மருமகன் தெற்கே புதிய குளம் வெட்டக் கல் நட்டிருக்கிறார். அடக்கம் முடிந்த நான்காம் நாள், வைத்தி மகனைக் கூட்டிக்கொண்டு போய்த் தெற்குப் பக்கம் குழாய் இறக்கினேன். சபியாவின் பெட்டிக்குப் புது பேட்டரி போட்டு, சொம்புத் தண்ணீரில் சோதித்து, பொத்தானை அழுத்தினேன். அரை வட்டம் வரையவில்லை. எழுத்தாகவே எழுதினேன்: 'இன்று எங்கள் வயல் நல்ல தண்ணீர். உப்பு இல்லை.'

"பெரியப்பா, இதை எழுதினா அவங்களுக்குத்தானே தோது?" என்றான்.

"இன்னைக்கு அதுதான் நெசம்" என்றேன்.

சபியாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். நமக்குச் சாதகம் இல்லாததையும் நம் கையாலேயே முதலில் எழுதிவிடுவது. நாளைக் காலை இரண்டாவது வரியை எழுதப் போவேன். குளம் வெட்டினாலும் போவேன், வெட்டாவிட்டாலும் போவேன்.