இரவல் வாங்கிய ஸ்ப்ரேயர்

போலகம் கிராமத்தில் பங்கஜவல்லியைப் பற்றிக் கேட்டால், "அதுக்குக் காலு ஒரு எடத்துல நிக்காது" என்பார்கள். அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போனவள், திரும்பி வந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மறுபடி போவாள். கணவன் முருகானந்தம் பட்டினத்தில் கடை வேலைக்குப் போகிறவர். ஒரு ஏக்கர் அளவுள்ள மூன்று மா நிலமும் அவள் பொறுப்பு. சம்பா அறுத்த கையோடு ஊரே உளுந்து தெளித்தபோது, அவள் மட்டும் சோயா போட்டுப் பார்த்தாள்.

சோயா இலை விட்டதுமே புல்லும் போட்டி போட்டுக்கொண்டு கிளம்பியது. களை பறிக்க ஆள் அகப்படவில்லை. முளைத்த புல்லை மட்டும் கொல்லும், சோயாவைத் தொடாது என்று சொல்லி மருந்துக் கடைக்காரர் ஒரு பாட்டிலைக் கொடுத்தார். பக்கத்து வயல் பூமிநாதனிடம் மருந்தடிக்கும் ஸ்ப்ரேயரை இரவல் வாங்கி, காற்று அடங்கிய காலை நேரத்தில், முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு அவளே அடித்தாள்.

சாயங்காலம் ஸ்ப்ரேயரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் பூமிநாதன் சொன்னார்.

"நல்லா வேலை செஞ்சிச்சா தங்கச்சி? நெல்லுல அகல இலைக் களைக்கு அடிச்சேன், அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல."

"கழுவி வச்சீங்களாண்ணே?"

"லேசா அலசுன மாதிரிதான் ஞாபகம்."

பங்கஜவல்லி ஸ்ப்ரேயரை அப்படியே கீழே வைத்தாள். சோயாவும் அகல இலைதானே. நேராக வயலுக்கு ஓடினாள். செடிகள் எப்போதும்போலத்தான் நின்றன. இருட்டும்வரை வரப்பில் நடந்தாள்.

ராத்திரி சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். "போயிப் போயிப் பாத்தா செடி பொழச்சிக்குமா?" என்றார் முருகானந்தம். விடிந்ததும் போனாள், மதிய வெயிலிலும் போனாள்.

அதற்கு அடுத்த நாள் தெரிந்துவிட்டது. வாய்க்கால் ஓரத்துச் செடிகள் தண்டு முறுகி, இலை சுருண்டு தலை கவிழ்ந்திருந்தன. முதல் டேங்க் அடித்த இடம் அது. டேங்கில் ஒட்டியிருந்த பழைய மருந்து அதோடு தீர்ந்திருக்க வேண்டும். அதைத் தாண்டி சோயா நிமிர்ந்தே நின்றது. ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நிமிர்ந்த சோயாவுக்கு நடுவே புல்லின் குருத்து மஞ்சளாகப் பழுத்து, இழுத்தால் கையோடு வரும்வரை தினமும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூமிநாதன் வந்து பார்த்தார். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இது என் வயலா இருந்து, நீ கழுவாம குடுத்திருந்தா நான் ஒன்ன சும்மா விட்டிருக்க மாட்டேன் தங்கச்சி."

"நானும் கழுவாமத்தானேண்ணே மருந்த ஊத்துனேன்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இருவருமாகச் சுருண்ட செடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். மறுபடி விதைக்க மண்ணில் ஈரம் இல்லை. அந்தத் துண்டு அந்தப் பருவம் முழுக்க வெறுமனே கிடந்தது. மற்ற இடமெல்லாம் காய் பிடித்தது.