மாப்பிள்ளை இறங்காத கடற்கரைகள்

கல்யாணம் முடிந்த கையோடு, கல்யாணச் சட்டையையே போட்டுக்கொண்டு முதல் நாள் வேலைக்குப் போனால் என்ன பெயர் வைப்பார்கள்? 'மாப்பிள்ளை' என்றுதான் வைத்தார்கள். வேன் கம்பெனி ஷெட்டில் அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், தலையில் முக்கால்வாசி முடி கொட்டி மிச்சமும் வெளுத்த பிறகும் போகவில்லை. முதலாளி மாப்பிள்ளை என்கிறார். முதலாளியின் அப்பாவும் மாப்பிள்ளை என்கிறார். டயருக்குக் காற்றடிக்கிறவர் "மாப்பிள்ளை அண்ணே" என்கிறார். அது என்ன உறவுமுறை என்று யாரும் கேட்டதில்லை. உண்மையிலேயே அப்படிக் கூப்பிட உரிமையுள்ள ஒரே ஆள் மனைவியின் அக்கா. அவர் கூப்பிட்டால் மட்டும் இவர் காதில் விழாத மாதிரி நகர்ந்துவிடுவார்.

கடற்கரைச் சாலையில் சுற்றுலா வேன் ஓட்டுவதுதான் மாப்பிள்ளையின் வேலை. காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கடலோரமாகவே போய், அங்கங்கே நிறுத்திக் காட்டி, பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து இறக்கிவிட வேண்டும். இருபது வருஷத்துக்கு மேலாக அதே சாலை. எந்த வளைவில் மணல் ஏறிக் கிடக்கும், எந்தப் பாலத்தில் பக்கக்காற்று வண்டியைத் தள்ளும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடல் மட்டும்தான் தெரியாது.

சிரிக்காதீர்கள். ஓட்டும்போது கண் சாலையில் இருக்க வேண்டும். ஓரத்தில் நீலமாக ஏதோ கூடவே வரும், அதைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிற டிரைவர் கடைசியில் அதற்குள்ளேதான் போய் விழுவான். நிறுத்தின இடத்திலோ, பயணிகளின் பைகளெல்லாம் வண்டியில் கிடக்கும். கேமரா, பர்ஸ், குழந்தையின் பால்புட்டி, பாட்டு கேட்கிற பெட்டி. டிரைவர் வண்டியை விட்டு நகரக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். ஆகவே எல்லாரும் மேட்டைத் தாண்டிக் கடலைப் பார்க்க ஓடுவார்கள். மாப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்து, மிதியடியிலுள்ள மணலைத் தட்டி, சீட்டைச் சாய்த்து, வாயைப் பிளந்து ஒரு தூக்கம் போடுவார்.

அதனால் அவருக்கென்று ஒரு கணக்கு உண்டு. அவர் வாயில் 'நல்ல இடம்' என்று வந்தால், நிழல் இருக்கிறது, தரை சமமாக இருக்கிறது, கக்கூஸ் சுத்தமாக இருக்கிறது, ரிவர்ஸ் எடுக்காமலே வண்டியைத் திருப்பலாம் என்று அர்த்தம். அந்தக் கணக்கில் முதல் நிறுத்தம் ராஜா. பெரிய மரம், அடியில் வேனுக்கென்றே அளவெடுத்த மாதிரி நிழல். இரண்டாவது மந்திரி. மூன்றாவது இருக்கிறதே, அது படுமட்டம். ஒரே சரிவு, சக்கரத்துக்குக் கல் வைக்காமல் நிறுத்த முடியாது, உப்புக் காற்றில் பம்பர் துருப்பிடித்துப் போகும். பயணிகள் என்னவோ அங்கே இறங்கினால் திரும்பி வருவதற்கே மனம் வராமல் நிற்பார்கள். ரசனை கெட்ட ஜனங்கள் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

மனைவிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. தரைக்குக் கீழே இருக்கிற கூடம், ஜன்னல் என்று ஒன்று கிடையாது. நாள் முழுக்க மிஷின் இரைச்சல், ஆவி, மலை மலையாகப் படுக்கை விரிப்புகள். உள்ளே போனால் வெளியே வெயிலா மழையா என்றுகூடத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, ஆசையாகக் கேட்டாள்.

"இன்னிக்குக் கடல் எப்படிங்க இருந்துச்சு?"

"இருந்துச்சு."

அவள் முகம் தொங்கிப் போயிற்று. அதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் வண்டியில் ஏறின ஒரு பெண், பாறைக்கு நடுவே குளம் மாதிரி தண்ணீர் நிற்கிறது, குட்டி நண்டு காலில் ஏறிவிட்டது என்று புருஷனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? பயணிகள் திரும்பி ஏறும்போதெல்லாம் மாப்பிள்ளையின் காது அவர்கள் பக்கம்தான். மாவு மாதிரி மணல் என்பார் ஒருவர், தண்ணீருக்குள் தன் கால் விரல் தெரிந்தது என்பார் இன்னொருவர். எல்லாம் ராத்திரிச் சாப்பாட்டோடு வீட்டில் பரிமாறப்படும். முதலில் 'பாத்தாங்களாம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். எப்போது 'பாத்தேன்' ஆயிற்றோ, அவருக்கே தெரியாது. நாக்குதானே, எலும்பா இருக்கிறது?

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு முதலாளியால் வந்தது வினை. சலவைக் கூடத்தில் கொதிகலன் மாற்றுகிறார்கள் என்று மனைவிக்கு லீவு விட்டிருந்த வாரம். சாப்பாட்டுப் பாத்திரம் கொடுக்க ஷெட்டுக்கு வந்தவளைப் பார்த்து முதலாளி, "ஞாயித்துக்கிழமை வண்டி சும்மாதாம்மா நிக்குது. மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, டீசல் நான் போட்டுத் தர்றேன்" என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் அந்த நேரத்தில் மாப்பிள்ளைக்கு அவர் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

அவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். கிளட்ச் சரியில்லை என்றார். மேகம் கட்டுது என்றார். ஞாயித்துக்கிழமை கூட்டம் அம்மும் என்றார். அவள் காதிலேயே வாங்கவில்லை. "முதல்ல அந்த நல்ல இடத்துல நிறுத்துங்க, என்ன? அக்காவும் வர்றா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மாப்பிள்ளைக்குத் தூக்கம் போயிற்று. இத்தனை வருஷமாகத் தன் வார்த்தையை நம்பிக்கொண்டிருக்கிறவள். எல்லாம் பொய் என்று தெரிந்தால், அப்புறம் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? அந்த ஒரே பயம்தான் அவரைப் பிடுங்கித் தின்றது.

ஞாயிறு காலை முதல் நிறுத்தத்தில் மர நிழலில் அலுங்காமல் கொண்டுபோய் நிறுத்தினார். மனைவி இறங்கிச் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"கடல் எங்கங்க?"

"அதோ, அந்தப் படிக்கட்டுல இறங்கினா."

"நீங்க வரலையா?"

"வண்டியைப் பாக்கணும்ல."

அக்காவும் தங்கையும் போய்விட்டுச் சீக்கிரமே திரும்பி வந்தார்கள். மனைவி செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்தபடி, "மாவு மாதிரி மணல்னு சொன்னீங்க? ஒரே கூழாங்கல்லா கெடக்கு" என்றாள்.

"அலை பெருசா வந்து மணலை அடிச்சிட்டுப் போயிருக்கும்."

அக்கா விடுவாரா? "சரி மாப்பிள்ளை, மணலை அலை கொண்டுபோச்சு. இத்தனை கல்லையும் யார் வந்து கொட்டினா?"

மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பினார். இரண்டாவது நிறுத்தத்தில் நண்டுக் குளம் இருக்கிறது என்று அவர் எந்தக் காலத்திலோ அடித்துவிட்டது மனைவிக்கு அச்சு மாறாமல் நினைவிருந்தது. அங்கே போனால் நீளமாக ஒரு சிமெண்டுச் சுவர், அதன் மேல் நாலு பெஞ்சு.

"நண்டுக் குளத்தைக் காணோமேங்க?"

"மூடிட்டாங்க."

"யாரு?"

"கவர்மென்டு."

"கவர்மென்டுக்கு நண்டு மேல என்ன கோவமாம்?" என்றார் அக்கா. மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்து முடித்ததும் அவரை ஒரு பார்வை பார்த்தாள். மாப்பிள்ளை ஸ்டியரிங்கை இல்லாத தூசிக்குத் துடைத்தார்.

மூன்றாவது நிறுத்தத்தில் நிறுத்தாமலே போய்விடலாம் என்றுதான் இருந்தார். அக்காவுக்கு டீ வேண்டுமாம். சரிவில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு நிமிர்வதற்குள், அங்கிருந்த டீக்கடைக்காரர் பல்லெல்லாம் தெரிய வந்து நின்றார்.

"அட மாப்பிள்ளை! குடும்பத்தோடவா? வாங்கம்மா, உக்காருங்க. இன்னிக்காவது இவரைக் கீழ கூட்டிட்டுப் போங்க. நான் கடை போட்ட நாள்லேருந்து பாக்குறேன், மனுஷன் ஒரு நாளாவது இறங்கிக் கடலைப் பாக்கணுமே! எல்லாரும் அந்தப் பக்கம் போவாங்க, இவரு இங்க குறட்டை விடுவாரு."

கடைக்காரர் டீ போடப் போய்விட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாப்பிள்ளைக்குக் காது இரண்டும் சுட்டது. அக்காகூட டீக்கடைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"நிஜமாங்க?" என்றாள் மனைவி.

அவர் தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பைகள், கம்பெனிச் சட்டம், அந்த நண்டுப் பெண், 'பாத்தாங்களாம்' 'பாத்தேன்' ஆனது, எல்லாம். எந்த இடத்தில் ஏறினவர் எதைச் சொன்னார் என்பதுகூடக் குழம்பிப் போய், வாய்க்கு வந்த நிறுத்தத்தோடு சேர்த்துவிட்டதையும் சொன்னார். "உன் முகம் வாடிப்போச்சு, அதான். ஏமாத்தணும்னு இல்லம்மா" என்றார்.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தார். கத்தியிருந்தால் தேவலை. அவள் கண் நிறைந்துவிட்டது.

"பொய் சொன்னீங்க, அது கெடக்கட்டும். அதுக்கில்லை நான் அழறது. நான் அந்தப் பாதாளத்துல விரிப்பை மடிச்சுக்கிட்டு நிப்பேன். சில நாள் மூச்சு முட்டும். அப்பல்லாம் நினைச்சுக்குவேன், பரவாயில்ல, நமக்குக் கிடைக்கலைன்னா என்ன, நம்ம வீட்டு மனுஷனாவது வெளிச்சத்துல, காத்துல, கடலைப் பாத்துக்கிட்டு இருக்காரேன்னு. அதை வெச்சுத்தான் நாளை ஓட்டினேன். நீங்களும் உள்ளேயேதான் உக்காந்திருந்தீங்களா?"

தன் மேல் அவளுக்கு இருந்தது பொறாமையாக இருக்கும், ஏக்கமாக இருக்கும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். இப்படி ஒருத்தி தனக்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள் என்று கனவிலும் தோன்றியதில்லை. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எழுந்திருங்க. கீழ போலாம்."

"வண்டி..."

"வண்டியில யார் பை இருக்கு?"

அவர் யோசித்தார். சாப்பாட்டுப் பை இருந்தது, அக்காவின் குடை இருந்தது. அவ்வளவுதான்.

"போங்க மாப்பிள்ளை, உங்க வண்டியை யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க. எனக்கு முட்டி வலி, நான் முன்சீட்டுல உக்காந்திருக்கேன்" என்று அக்கா டீயோடு ஏறிக்கொண்டார். அவர் குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது.

மேட்டைத் தாண்டியதும் மாப்பிள்ளையின் கால் தானாக நின்றுவிட்டது. மணல் மாவு மாதிரிதான் இருந்தது. பாறைகளுக்கு நடுவே குளம் மாதிரி தண்ணீர் நின்றது, உள்ளே குட்டிக் குட்டி நண்டுகள் பக்கவாட்டில் ஓடின. அவர் நிறுத்தத்துக்கு நிறுத்தம் பிரித்து வைத்திருந்த அத்தனையும், அவர் படுமட்டம் என்று ஒதுக்கின இந்த ஒரே இடத்தில் இருந்தன. ஆனால் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எந்தப் பயணியும் சொல்லவில்லையே! சத்தமும் யாரும் சொல்லவில்லை. நெஞ்சுக்குள்ளேயே வந்து விழுகிற சத்தம்.

"அடேயப்பா" என்றார்.

"எல்லாம் இருக்குங்க, நீங்க சொன்னபடியே!" என்று மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். அலை வந்து காலில் மோதியதும் அவள் போட்ட கூச்சலில், எட்டி உட்கார்ந்திருந்த ஒரு குடும்பமே திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளை செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முழங்கால் வரை பேண்ட் நனைய நேரே உள்ளே நடந்துபோய் நின்றார். ஒவ்வோர் அலையாக வந்து போயிற்று. ஒருமுறை அவள் அவர் கையைப் பிடித்தாள், ஒருமுறை தண்ணீரை வாரி அவர் வழுக்கையில் அடித்தாள்.

வெயில் உச்சிக்கு ஏறியது. சாப்பாட்டு நேரமும் தாண்டியது. மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. அக்காவுக்குப் பசி வந்துவிட்டது போல. மறுபடியும், இந்த முறை கையை எடுக்காமல் அழுத்தினார்.

"ஏங்க, அக்கா கூப்பிடுறா. கோவப்படப் போறா, வாங்க."

அவர் திரும்பவில்லை.

"ஹாரன் அடிக்கட்டும். நான் இன்னும் பாத்து முடிக்கல."