சில்லில் கிடந்த மணிகள்

மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தாலும், சத்தம் கேட்டே சைக்கிளின் குற்றம் சொல்லும் காது எனக்கு. கிழக்குக் கரையில், எங்கள் செட்டிபாளையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

யுத்தம் முடிந்த பிறகு, சுனாமியில் மகளைப் பறிகொடுத்த மீன்காரர் ஒருவர் பற்றரிச் சைக்கிளைக் கொண்டுவந்தார்.

"கரண்ட் விட்டு விட்டு வருது அண்ணன்."

உப்புப் பிடித்த வயரைச் சுரண்டிப் பூட்டினேன். மோட்டர் ஓடியது. பின்சில்லு மட்டும் சுழலும்போது கிலுகிலுத்தது. கம்பிகளில் பிளாஸ்டிக் மணிகள். கழற்றி, குப்பையோடு கொளுத்தினேன்.

"சத்தத்தையும் நிப்பாட்டித் தந்திரிக்கன், பாருங்க தம்பி!"

அவர் சில்லைச் சுற்றிப் பார்த்தார். "மணியெல்லாம் எங்க அண்ணன்? மகள்ர சைக்கிள்ல மிஞ்சினது அதுதான். எடுத்து இதுல கோத்து வச்சிருந்தன்."

சாம்பலைக் கையால் கிளறினேன். உருகிய கட்டியொன்றுதான் கிடைத்தது. அவர் அதைச் சேர்ட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஏறாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார்.

ஊருக்கு இன்றும் நான் கெட்டிக்காரன்தான். அந்தச் சத்தம் வேண்டுமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் எனக்குத் தெரியவில்லை.